மெட்டி இறுகும்போது

(குறுவை நடவு முடிந்த ஒரு மாலையில், வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமார்களே, அக்கா தங்கைகளே, அண்ணன்மார்களே, வணக்கம்.

மெட்டி போட்டிருப்பவர்கள் அதைக் கொஞ்சம் திருகிப் பாருங்கள். சுற்றுகிறதா? போன மாதம் சுற்றிய மெட்டி இப்போது சதையில் புதைந்து நிற்கிறதா? கொலுசைக் கழற்றினால் பள்ளமாகத் தடம் தெரிகிறதா? நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நட்டால் யாருக்கும் கால் கனக்கும். ஆனால் படுத்து எழுந்தால் அது வடிந்துவிட வேண்டும். விடிந்தும் வடியவில்லை என்றால், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்திப் பாருங்கள். ஈர வரப்பில் விரல் பதிந்த மாதிரி குழி நின்றால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது. காலையில் கண்ணைச் சுற்றி உப்பியிருந்தாலும் கவனியுங்கள். இதயம், ஈரல் என்று இதற்கு வேறு காரணங்களும் உண்டு. கிட்னி அதில் முக்கியமான ஒன்று.

நான் டாக்டர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது, சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும் சோதனைப் பட்டை எங்களுக்கு எளிதில் கிடைக்காது. சோதனைக் குழாயில் முக்கால் அளவு சிறுநீர் எடுத்து, மேல்பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். புரதம் இறங்கியிருந்தால் முட்டையின் வெள்ளைக்கரு வேகிற மாதிரி மேலே வெளுத்துத் திரளும். இரண்டு மூன்று சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டும் கலையவில்லை என்றால் அது அல்புமின் என்கிற புரதம். அடியில் தெளிந்த மஞ்சள், மேலே வெள்ளை மேகம். அந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு சன்னல் வழியாகப் பார்ப்பேன். அதைக் கொடுத்தவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நெல் விலை பேசிக்கொண்டிருப்பார். கூப்பிட்டுச் சொன்னால், "எனக்கு ஒரு வலியும் இல்லையே தம்பி" என்பார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன். நம் பக்கம் கிட்னி என்றாலே கல்தான் நினைவுக்கு வரும். கல் பெரும்பாலும் துடிக்க வைத்துவிடும், ராத்திரியோடு ராத்திரியாக வண்டி பிடிப்போம். கிட்னி மெல்லச் செயலிழப்பதோ பெரும்பாலும் வலிக்காது. ஒவ்வொரு கிட்னியிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் சிறுநீராக வெளியே விடுகின்றன. ஆற்று ரெகுலேட்டரில் நாலு ஷட்டர் பழுதானாலும் மீதி ஷட்டர்களைத் தூக்கிவிட்டு, தண்ணீர் திறந்துவிடும் லஸ்கர் சமாளித்துவிடுவார், கடைமடைக்காரருக்குத் தெரியவே தெரியாது. அப்படித்தான் இதுவும். பாதி வேலை போகிறவரைக்கும் கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் பெரிதாக ஏறாமலே இருக்கலாம். அதற்குள் சிறுநீர் சொல்லத் தொடங்கியிருக்கும்.

என்ன சொல்லும்? நுரை. வேகமாகப் போனால் வருகிற நுரை கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றியும் அடங்காமல், தினமும் நின்றால் பரிசோதிக்க வேண்டும். முன்பு ஒரே தூக்கமாகத் தூங்கியவர் இப்போது இரண்டு மூன்று தடவை எழுந்து போகிறார் என்றால் வயசு என்று விட்டுவிடாதீர்கள். கட்டுக்கு வராத பிரஷரும் ஓர் அறிகுறி. சிறுநீர் காப்பித்தண்ணி நிறத்திலோ சிவப்பாகவோ போனால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பசியின்மை, வாந்தி, உடம்பெல்லாம் அரிப்பு, மூச்சிரைப்பு இவையெல்லாம் வரும்போது அநேகமாக நோய் முற்றியிருக்கும்.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, 12 வருஷமாகச் சுகர். முதுகுவலிக்கு மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வரப்பு வெட்டப் போவார். ஒரு வருஷம் அவருக்குச் சுகர் தானாக இறங்கியது. "மாத்திரையைப் பாதியாக்கிட்டேன்டா, சுகர் என்னை விட்டுப் போயிடுச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னார். நானும் சேர்ந்து சந்தோஷப்பட்டேன். சிறுநீரைச் சோதித்தே சம்பளம் வாங்கிய எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. கிட்னி தளர்ந்தால் இன்சுலினும் சில சுகர் மாத்திரைகளும் உடம்பைவிட்டுச் சீக்கிரம் வெளியேறாது, அதனால் சுகர் இறங்கும். அது குணமானதன் அடையாளம் இல்லை. அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ். அண்ணி கூடவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

அந்தச் செட் மாத்திரையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் மாதிரி ஒரு வலி மாத்திரை இருக்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்து அந்த இனத்தையே கூண்டோடு சாய்த்தது. அதனால் மாட்டுக்கு அந்த மருந்தை 2006இல் இந்தியாவில் தடை செய்தார்கள். மனித உடம்பு கழுகு உடம்பு இல்லை, டாக்டர் சொல்லி நாலு நாள் போடுவது வேறு. ஆனால் வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர் அதைத் தினமும் விழுங்கினால், கிட்னிக்குப் போகும் இரத்தம் குறைகிறது.

தண்ணீர் என்றதும் பெண்களிடம் ஒன்று கேட்கிறேன். நடவுக்குப் போகிற அன்று காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை, இல்லையா? ஒதுங்க மறைவிடம் கிடையாது, அதனால்தான். இது உங்கள் குற்றமில்லை. வேலைக்குக் கூப்பிடுகிறவர் நாலு கம்பு நட்டு ஒரு தார்ப்பாய் மறைப்பாவது கட்டித் தர வேண்டும். ஊராட்சியிலும் கேளுங்கள், கூட்டமாகப் போய்க் கேளுங்கள்.

கை மருந்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். வயல் ஓரத்து ஆடுதின்னாப்பாளையைக் கஷாயமாக்கிக் குடிக்காதீர்கள். அதிலுள்ள அரிஸ்டலோகிக் அமிலம் கிட்னியைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். 1990களில் பெல்ஜியத்தில் மெலிவதற்கு மூலிகை சாப்பிட்ட பல பெண்களுக்குக் கிட்னி போனது இந்த வகைச் செடியால்தான். வாழைத்தண்டும் இளநீரும் மற்றவர்களுக்கு நல்லவை. கிட்னி தளர்ந்தவருக்கு அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைக்கும்.

சரி, என்ன செய்யலாம்? சுகர், பிரஷர் உள்ளவர்கள், கர்ப்ப காலத்தில் பிரஷர் வந்தவர்கள், வீட்டில் யாருக்காவது கிட்னி நோய் இருந்தவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இரண்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிறுநீரில் அல்புமின், இரத்தத்தில் கிரியாட்டினின். கிரியாட்டினினை வயதோடு சேர்த்துக் கணக்கிட்டு, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் எவ்வளவு என்றும் கேளுங்கள். அது 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் நாள்பட்ட நோய். ஆரம்பத்திலேயே தெரிந்தால் அதை வருஷக்கணக்கில் தள்ளிப்போட மருந்து இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அம்மாவிடமே எங்கே போய்ப் பரிசோதிப்பது என்று கேட்கலாம்.

காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைக் கொடுங்கள். முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். டானிக் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவராதீர்கள், லேபில் டப்பா கேட்டால் தருவார்கள். காய்ச்சல் நாளிலும் தீட்டு நாட்களிலும் கொடுக்க வேண்டாம், முடிந்து ஒரு வாரம் கழித்துப் போங்கள்.