கட்டைவிரல் கேட்கும் கால் மணி நேரம்

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, வரவேற்றுப் பேசிய செயலாளர் அவர்களே, நான் சொல்ல நினைத்ததில் பாதியை எனக்கு முன்பே அழகாகச் சொல்லிவிட்ட இயன்முறை மருத்துவர் அம்மையார் அவர்களே, விடுமுறை நாளிலும் வந்து உட்கார்ந்திருக்கும் தொழில் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் ஐயாவுக்கு மட்டும் இன்னொரு வணக்கம். கூட்டம் தொடங்கும் முன்பே வந்து நாற்காலி எடுத்துப் போட்ட தலைவரை நான் இன்றுதான் பார்க்கிறேன்.

மசாஜ் தொழிலில் மனநிறைவு உண்டா என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று விஷயம் பேசப்போகிறேன். மனநிறைவு, படிப்பு, நம்முடைய கை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நம் தொழில் அந்தப் பழமொழியோடு மல்லுக்கட்டுகிற தொழில். அடுத்தவர் வலி நம் விரலுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒருவர் என்னிடம் வந்தார். வலது பிட்டத்தில் தொடங்கித் தொடை வரை இழுக்கிற வலி. முன்கையால் அழுத்தினேன், முழங்கையால் அழுத்தினேன். எழுந்து நடந்து பார்த்து, "அடடா, பறக்கிறேன்!" என்று போவார். மூன்றாம் நாள் நொண்டிக்கொண்டு வருவார். இப்படி மூன்று முறை. எனக்கு வெட்கமாகிவிட்டது. நான்காம் முறை, அவர் கழற்றி வைத்த கால்சட்டையை நகர்த்தினேன். தொம்மென்று ஒரு சத்தம். செங்கல்லோ என்று பார்த்தால், பர்ஸ்! பழைய ரசீதுகள், யார் யாருடையவோ விசிட்டிங் கார்டுகள், எந்தப் பூட்டுக்கென்று அவருக்கே தெரியாத இரண்டு சாவிகள். பின்பாக்கெட்டில் இதை வைத்து அதன்மேல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தே வேலை பார்க்கிறார். அடியில் ஓடுகிற நரம்பு என்ன செய்யும்? "ஐயா, பர்ஸைச் சட்டைப்பைக்கு மாற்றுங்கள்" என்றேன். "சட்டை கிழிந்துவிடுமே" என்றார். அப்புறம் எப்படியோ மாற்றினார், வலி போய்விட்டது. ஒரு வாடிக்கையாளரை இழந்தேன். ஆனால் அன்று இரவு எனக்கு வந்த தூக்கம் இருக்கிறதே, அதைத்தான் மனநிறைவு என்கிறேன்.

அந்த நாட்களில் என்னால் ஒரு பாட்டில் மூடியைத் திறக்க முடியாது. கட்டைவிரலின் அடிமூட்டு அப்படி வலிக்கும். நான் வேலை பார்த்த இடத்தில், பெயர் வேண்டாம், ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் படுத்துவிடுவார். தண்ணீர் குடிக்கக்கூட இடைவெளி கிடையாது. மேலாளரிடம் சொன்னால், "விரல் வலிக்கு விடுப்பா?" என்று சிரித்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

1894-இல் பிரிட்டனில் நான்கு செவிலியர்கள் மசாஜ் தொழிலுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். மசாஜ் என்ற பெயரில் நடந்த கூத்துகளால் தொழிலுக்கே கெட்ட பெயர் வந்திருந்த நேரம் அது. அந்தச் சங்கம்தான் வளர்ந்து இன்று அந்நாட்டின் இயன்முறை மருத்துவர் சங்கமாக நிற்கிறது. அம்மையார் கோபித்துக்கொள்ளக் கூடாது, முறைக்கு நாங்கள் உங்களுக்குப் பாட்டி! அவர்கள் தொழிலின் பெயரைக் காப்பாற்றினார்கள். விரலைக் காப்பாற்றுகிற வேலை நமக்கு மிச்சம் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். இரண்டு பேருக்கு நடுவே பதினைந்து நிமிடம். கையை உதற, விரலை நீட்டி மடக்க, விரிப்பு மாற்ற. இதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும்.

தலைவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார். படிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். ஒன்று மட்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் கை வைக்காதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். மற்றதை இன்னொரு மேடையில் பார்ப்போம்.

வாசலில் கோரிக்கைப் படிவம் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனா பிடிக்க முடியாத அளவுக்கு விரல் வலிக்கிறவர்கள் சொல்லுங்கள், மை தடவிய பெட்டியும் இருக்கிறது. கட்டைவிரல் ரேகையே போதும்.