களைக்க முன்னம் நிறுத்து

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் தோள் புடைக்க வந்து அமர்ந்திருக்கும் தம்பிமாரே, என் அணித் தோழியரே, மண்டபத்துக்குள் இடம் இருந்தும் வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு கேட்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். உடல் வலுவைக் கட்டுவது ஒரே நேரத்தில் களைக்கக் களைக்கச் செய்யும் கடும் பயிற்சியா, நாள் முழுதும் பகிர்ந்து, களைக்காமல் செய்யும் சிறு பயிற்சியா? நான் இரண்டாவது பக்கம். கல்லடியில் கணிதம் படிப்பிக்கிற ஒருத்தி இந்த மேடையில் என்ன செய்கிறாள் என்று யோசிக்கிறீர்கள். கணக்குத்தான் சொல்ல வந்தேன்.

எதிரணித் தலைவர் பேசி முடித்தபோது எனக்கே மேல் வலித்தது. "களைப்பு இல்லாமல் வலு இல்லை, வியர்வைதான் உடம்புக்குக் கட்டுகிற கட்டணம்" என்றார். எங்களைப் பார்த்து, "நாலு தரம் எழும்பி நாலு தரம் இருப்பது பயிற்சி இல்லை, கதிரையைத் தேய்ப்பது" என்றும் சொன்னார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், பேச்சு அவ்வளவு நன்றாக இருந்தது. கதிரைக்குப் பிறகு வருகிறேன், முதலில் கட்டணத்தைப் பார்ப்போம்.

ஐயா, நானும் அந்தக் கட்டணத்தைக் கட்டியவள்தான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜிம்மில் மூன்று மாதக் காசை முற்பணமாகக் கொடுத்துச் சேர்ந்தேன். எந்த இடம் என்று கேட்காதீர்கள், மட்டக்களப்பு சின்ன ஊர். முதல் நாளே அங்கிருந்த தம்பி என்னை விடவில்லை. "இன்னும் ஒன்று டீச்சர், இன்னும் ஒன்று" என்று கை நடுங்கும்வரை தூக்க வைத்தான். வீட்டுக்கு வந்து சோறு பிசைந்தபோதுதான் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை என்று தெரிந்தது. அடுத்த நாள் காலை பத்தாம் வகுப்பில் கரும்பலகையின் மேல் பாதிக்குக் கை போகவில்லை. இருபடிச் சமன்பாட்டை இடுப்பு உயரத்தில் எழுதினேன். முன்வரிசைப் பிள்ளை ஒன்று, "டீச்சர், இனிக் குனிஞ்சுதான் படிக்கணுமா?" என்று கேட்டது. வலி ஆற நான்கு நாள். ஆறின பிறகு போனால் மறுபடி அதே கதை. மூன்று மாதக் காசுக்கு நான் போனது பதினொரு நாள். இதில் அந்தத் தம்பியில் பிழை சொல்ல மாட்டேன். அவனுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்த வேலையைத்தான் இந்த மேடையில் தேய்ப்பது என்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் நாற்பது நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கும், ஒரு நாளைக்கு எட்டுப் பாடம். எனக்கு ஓய்வாகக் கிடைக்கிற பாடமும் இடைவேளையும் பாடம் மாறுகிற நேரமுமாகச் சேர்த்தால் ஐந்து சந்தர்ப்பம். ஆசிரியர் அறையின் பெரிய மேசை ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றி, முந்தானையை இறுக்கிச் செருகி, உடம்பைச் சரித்து நாலே நாலு தண்டால். அவ்வளவுதான். உள்ளங்கையில் மேசை விளிம்பு பதிந்த கோடு அழிவதற்குள் அடுத்த வகுப்பில் நிற்பேன்.

நாலு எங்கிருந்து வந்தது? அன்றைக்கு நான் மூச்சைப் பிடித்துச் செய்தாலும் ஒன்பதுக்கு மேல் போகாது. அதில் பாதிக்கும் குறைவாக வைத்தேன். ஐந்து தரம் நாலு, இருபது. ஐந்து நாளைக்கு நூறு. ஒன்பதில் விழுகிறவள் கிழமைக்கு நூறு செய்தேன், ஒருநாள்கூடக் கை நடுங்கவில்லை. ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பின்பு முழுசாகச் செய்து பார்த்தேன். பதினேழு! மேசையை விட்டு வாங்குக்கு இறங்கினேன். இப்போது நிலத்தில் செய்கிறேன், கதவைச் சாத்திவிட்டுத்தான்.

"டீச்சர், இது உங்கள் ஒருவர் கதை" என்பார்கள் எதிரணியினர். நியாயம். மேற்கு ஆஸ்திரேலியாவின் எடித் கோவன் பல்கலைக்கழகத்துக்குப் போவோம். ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர்கள் செய்த ஆய்வு 2022 இல் வெளியானது. முப்பத்தாறு பேர், மூன்று குழு, நான்கு கிழமை. பயிற்சி ஒன்றே ஒன்று: மடக்கிய கையை எந்திரம் கீழே தள்ள, முழுப் பலத்தோடு எதிர்த்துப் பிடித்தபடி விரிய விடுவது. ஒரு குழு நாளுக்கு ஆறு தரம், கிழமைக்கு ஐந்து நாள். இன்னொரு குழு அதே முப்பதையும் ஒரே நாளில். மூன்றாம் குழு கிழமையில் ஒரே ஒரு நாள், ஆறு தரம்.

கணக்கு டீச்சருக்குப் பிடித்த சோதனை இது. முதல் இரண்டு குழுவுக்கும் கிழமைக்கு முப்பதுதான், கூட்டுத்தொகை சமன். விடை சமன் இல்லை. பகிர்ந்து செய்தவர்களின் கை வலு பத்து வீதத்துக்கு மேல் கூடியது. ஒரே நாளில் முப்பதையும் முடித்தவர்களுக்குத் தசைத் தடிப்பு 5.8 வீதம் கூடியது, வலு கூடவில்லை. கிழமைக்கு ஒரு நாள் ஆறோடு நின்றவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

எதிரணித் தம்பி குறிப்பு எடுக்கிறார், தெரிகிறது. "முழுப் பலத்தோடு என்று நீங்களே சொன்னீர்கள்" என்று கேட்கப் போகிறார். ஓம், சொன்னேன். பலத்தைப் போடாதே என்று எங்கள் அணி எங்கே சொன்னது? களைத்து விழாதே என்றுதான் சொல்கிறோம். ஆறு தரம் முழுசாகப் போட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு வேலைக்குப் போகலாம். முப்பதாவது தரம் போடுகிறவரின் கை அப்படியா இருக்கும்?

ஏன் இப்படி நடக்கிறது? விடை நம் கடற்கரையில் இருக்கிறது. விடியற்காலையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் இருபது பேர். ஆளுக்கொரு நேரம் இழுத்தால் வலை அசையாது. ஏலேலோ என்று ஒருவர் எடுத்துக் கொடுக்க, அந்தத் தாளத்தில் எல்லோரும் காலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்தால் வலை வரும். புதிதாக ஒருவரும் வந்து சேரவில்லை. அதே இருபது பேர்தான், தாளம் மட்டும் சேர்ந்தது. நம் தசைக்குள்ளும் ஆயிரக்கணக்கான நார்கள் கயிற்றைப் பிடித்தபடிதான் நிற்கின்றன. பழகாத உடம்பில் சிலர் தூங்குகிறார்கள், சிலர் நேரம் தப்பி இழுக்கிறார்கள். எழுப்பித் தாளம் கொடுக்கிற வேலை நரம்புக்கு. ஒருவர் பயிற்சி தொடங்கி முதல் சில வாரங்களில் கூடுகிற வலுவில் பெரும்பங்கு நரம்பின் வேலை, தசை தடிப்பது அதன் பின்னால்தான் வருகிறது என்று மொரிட்டானி, டிவ்ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979 இலேயே காட்டினார்கள்.

சித்திரமும் கைப்பழக்கம் என்கிறோமே, இதுவும் அந்த வகைதான். பழக்கம் என்றால் அடிக்கடி வேண்டும், பிசகாமல் வேண்டும். களைத்த கை பிசகும். இருபத்தெட்டாவது தண்டாலில் இடுப்பு தொங்கி, கழுத்து முன்னே நீண்டு, ஒரு தோள் மேலே போய்விடும். அந்தக் கோணலையும் நரம்பு பாடமாக்கிக்கொள்ளும். வகுப்பில் பிழையான சூத்திரத்தை முப்பது தரம் எழுத வைப்பேனா?

மின்ஸ்க்கில் பிறந்து அமெரிக்கா போய், அங்கே கெட்டில்பெல் என்கிற கைப்பிடி வைத்த இரும்புக் குண்டுப் பயிற்சியைப் பரப்பிய பாவெல் சாட்சூலின் இந்த முறைக்கு ஒரு பேர் வைத்தார். தமிழில் சொன்னால், தடத்துக்கு எண்ணெய் விடுவது. எனக்கு எங்கள் பழைய கிணற்றுக் கப்பி நினைவு வரும். ஒரே நாளில் போத்தலோடு எண்ணெயைக் கவிழ்த்தால் தண்ணீரில்தான் மிதக்கும். இரண்டு சொட்டு, அடிக்கடி. அவர் சொல்வதும் அதுதான்: உன்னால் பத்து முடியுமென்றால் நாலோ ஐந்தோ செய், நன்றாக ஆறிய பிறகு மறுபடி செய், நாள் முழுதும் அப்படியே, விழும்வரை போகாதே.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கூத்தைக் கொண்டுவந்தார். "வடமோடிக் கூத்தில் விடிய விடிய ஆடுகிறவன் களைப்பைப் பார்த்தானா?" என்று கேட்டார். அண்ணன், நல்ல இடத்தில் கை வைத்தீர்கள், ஆனால் பிழையான நாளில் வைத்துவிட்டீர்கள். விடிய விடிய ஆடுவது அரங்கேற்றத்தில். அதற்கு முன்னால் சட்டம் கொடுத்து, மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகி, சதங்கை கட்டி, அடுக்குப் பார்த்து என்று எத்தனை படி இருக்கிறது! பழக வந்த முதல் நாளே ஒரு பொடியனை விடிய விடிய ஆட விடுகிற, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவரை எனக்குக் காட்டுங்கள். ஒரு தாளக்கட்டு, அதற்கு ஒரு ஆட்டம், கால் சரியாக விழுந்ததும் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அரங்கேற்றம் வலுவைக் காட்டுகிற இரவு. கட்டின இரவுகள் வேறு.

இனி அந்தக் கதிரைக்கு வருகிறேன்.

என் அம்மா ஆரையம்பதியில் இருக்கிறார், எழுபத்திரண்டு வயது. போன வருடம் கதிரையிலிருந்து எழும்ப இரண்டு கைப்பிடியும் வேண்டும், அதோடு ஒரு "முருகா"வும் வேண்டும். அவரை எந்த ஜிம்முக்குக் கூட்டிப்போவது? "காலையில ஒருக்கா இருபது தரம் எழும்பி இருங்கம்மா" என்றேன். மூன்றாம் நாள் முழங்கால் வலி என்று விட்டுவிட்டார். அப்போதுதான் என் மேசைக் கணக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அம்மாவுக்குப் பள்ளிக்கூட மணி இல்லையே? பக்கத்தில் காத்தான்குடி இருக்கிறது. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற பாங்குச் சத்தம், நாளுக்கு ஐந்து தரம், எங்கள் வீட்டு முற்றத்துக்குத் தெளிவாகக் கேட்கும். பாங்கு கேட்டால் நாலு தரம் எழும்பி இருங்கள் என்றேன். உடனே பேரம் தொடங்கியது: "சுபஹுக்கு நான் எழும்பமாட்டன் மகள், மற்ற நாலுக்கும் செய்றன்." சரி, விடியற்காலைப் பாங்கை விட்டால் நாலு நாலு பதினாறு.

முதல் மாதம் கைப்பிடியைப் பிடித்துத்தான். பிறகு ஒரு கை. ஆவணியில் நான் போனபோது பொழுதுபட மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. அம்மா கதையை நிறுத்தாமலே இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு எழும்பினார், இருந்தார், எழும்பினார். பாதம் நிலத்தை அழுத்துவதும் சேலைக் கரை ஆடுவதும் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நாலாவது முடிந்ததும், "மறுகா என்ன சொன்னன்?" என்று விட்ட கதையைத் தொடங்கினார். மூச்சு வாங்கவே இல்லை. தம்பி, அது தேய்ந்த கதிரைதான். இந்தப் பொங்கலுக்குக் கோலம் போடத் தரையில் குந்தி, ஒருவர் கையும் பிடிக்காமல் எழும்பினார் என் அம்மா.

வயதானவர்களுக்கு மட்டுமான விசயம் இல்லை இது. கச்சான் காற்று அடிக்கிற வெக்கை மாதங்களில் வேலை முடிந்து வந்து ஒரு மணித்தியாலம் கடும் பயிற்சி செய்கிறவர் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்ப்போம். மூன்று கை, அதில் இரண்டு எதிரணிக் கை. நாலு தண்டாலுக்கு வியர்க்காது, உடுப்பு மாற்றத் தேவையில்லை. மாரியில் வெள்ளம் ஏறிப் படுவான்கரைப் பாதை மூடினாலும் வீட்டுக்குள் ஒரு மேசையும் கதிரையும் இருக்கும்.

உலக சுகாதார அமைப்பும் இப்போது நம் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2010 இல் அவர்கள் கொடுத்த வழிகாட்டலில், நடை, ஓட்டம் போன்றவை தொடர்ந்து பத்து நிமிடமாவது இருந்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020 இல் அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துவிட்டார்கள். எவ்வளவு குறைந்த நேரமானாலும் கணக்கில் சேரும். நடைக்குச் சொன்னதைத் தண்டாலுக்கு அப்படியே ஒட்டுகிறேன் என்று எதிரணி சொல்லலாம். ஒட்டவில்லை. துண்டு துண்டாகச் செய்வது வீண் என்ற பழைய எண்ணம் உடைந்துவிட்டது, அதைத்தான் சொல்கிறேன்.

எதிரணிக்கு ஒன்றை விட்டுத் தருகிறேன், கணக்கில் ஒளித்து வைக்கக் கூடாது. சட்டைக் கை கிழியத் தசை பெருக்க வேண்டுமென்றால் அவர்கள் வழி பெரிய வழி. நிறையச் செய்ய வேண்டும், களைப்பின் விளிம்புவரை போக வேண்டும். எங்கள் வழியில் கண்ணாடி உங்களை உடனே பாராட்டாது. ஆனால் நடுவர் ஐயா, தலைப்பில் இருக்கிற சொல் வலு. பருமன் இல்லை. சீமெந்து மூட்டையைத் தூக்குகிறவரின் கையையும் தூக்காமல் பார்த்து நிற்கிறவரின் கையையும் அளந்து பாருங்கள், எது பெரிது என்று எப்போதும் சொல்ல முடியாது.

இன்னொன்று, அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நாலு என்று சொன்னால் நாலுதான். உற்சாகத்தில் பதினாலு செய்துவிட்டு நாளைக்கு என் வீட்டு வாசலில் வந்து நிற்கக் கூடாது.

மணி அடித்துவிட்டார்கள். ஐயா, இதுதான் சிக்கல். மூன்று வருடப் பழக்கம், மணி கேட்டால் என் கை மேசை விளிம்பைத் தேடும். உங்கள் முன்னால் இருக்கிற அந்த மேசை ஆடாதுதானே? தண்ணீர்ப் போத்தலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.