ஹவாய் மக்கள் விரும்பித்தான் அமெரிக்காவோடு சேர்ந்தார்களா?

ஒரு கேள்வி: "1959-ல் வாக்கெடுப்பு நடத்தித்தானே ஹவாய் அமெரிக்க மாநிலமானது? அப்படியிருக்க, நாட்டைப் பறித்துக்கொண்டார்கள் என்று ஏன் சொல்கிறார்கள்?"

வாக்கெடுப்பு நடந்தது உண்மை. 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்ததும் உண்மை. ஆனால் வாக்குச்சீட்டில் தனிநாடு என்ற பேச்சே இல்லை. மாநிலமாக வேண்டுமா, வேண்டாமா, அவ்வளவுதான். நாடு கைமாறி அப்போதே 60 வருடம் ஆகியிருந்தது.

அது தொடங்கியது 1893 ஜனவரியில். ஹவாய் அப்போது தனிநாடு; அதை ஆண்ட அரசி லிலியுவோகலானி புது அரசியலமைப்பு கொண்டுவர முயன்றார். தலைநகர் ஹோனலுலுவில் இருந்த வெள்ளைக்கார வணிகர்களும் வழக்கறிஞர்களும் ஒன்றுசேர்ந்து அவரைக் கவிழ்த்தார்கள். அவர்களுக்குத் தோதாக, அமெரிக்கத் தூதர் ஸ்டீவன்ஸ் 'பாஸ்டன்' போர்க்கப்பலிலிருந்து 160-க்கும் மேற்பட்ட வீரர்களைக் கரையிறக்கினார். ரத்தம் சிந்த வேண்டாம் என்று அரசி பதவியை விட்டார். விசாரிக்கச் சொன்ன அமெரிக்க அதிபர் கிளீவ்லாந்தே இது அநியாயம் என்று நாடாளுமன்றத்துக்கு எழுதினார். புதிய ஆட்சியாளர்கள் அசையவில்லை. 1895-ல் அரசியை அவருடைய அரண்மனையிலேயே ஓர் அறையில் சிறை வைத்தார்கள்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது 1897. அமெரிக்காவோடு இணைக்க ஒப்பந்தம் தயாரானதும் ஹவாய் மக்கள் தீவு தீவாகப் போய் எதிர்ப்பு மனுவில் கையெழுத்து வாங்கினார்கள். பெண்களும் தனியாக அமைப்பு வைத்து அலைந்தார்கள். 21,000-க்கும் மேல் கையெழுத்து! பூர்வகுடிகளே அப்போது சுமார் 40,000 பேர்தான். நான்கு பேர் அதை வாஷிங்டனுக்கு எடுத்துப் போனார்கள். ஒப்பந்தம் நிறைவேற அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அது கிடைக்கவில்லை. மக்கள் ஜெயித்துவிட்டார்கள்.

ஆனால் 1898-ல் ஸ்பெயினோடு போர் வந்தது. பசிபிக்கில் கப்பல்படைக்குத் தளம் தேவைப்பட்டது. ஒப்பந்தத்தை ஒதுக்கிவிட்டு, இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற கூட்டுத் தீர்மானமாகக் கொண்டுவந்து ஜூலையில் இணைத்துவிட்டார்கள். பறித்துக்கொண்டார்கள் என்று சொல்வது இதைத்தான். என் கருத்தும் அதுதான்.

1993-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது. சுமார் 18 லட்சம் ஏக்கர் நிலம் ஹவாய் மக்களின் சம்மதமோ இழப்பீடோ இல்லாமல் கைமாறியதை அதிலேயே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்த நிலத்துக்கு என்ன தீர்வு என்று அதில் ஒரு வரிகூட இல்லை.