ராஜாவைக் கூப்பிட்ட குரல்: 'செக்' என்ற சொல்லின் பயணம்

அவையோருக்கு வணக்கம்.

கணக்கைச் செக் பண்ணுகிறோம். வங்கியில் செக் போடுகிறோம். சதுரங்கத்தில் ராஜாவுக்குச் செக் வைக்கிறோம். கட்டம் போட்ட துணியையும் செக் என்கிறோம். நான்கும் ஒரே சொல்லின் பிள்ளைகள். மூத்தது எது என்று கேட்டால் பலரும் 'சரிபார்ப்பது' என்பார்கள். அங்கேதான் தவறு நேர்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பொருள் வேரூன்றியது 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். சதுரங்கப் பொருளோ 14-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே வழங்கியது. ஒரு சொல்லை ஆராயும்போது இன்றைய பொருளிலிருந்து ஊகிக்காமல், எந்தப் பொருள் எப்போது முதலில் எழுத்தில் வந்தது என்று பாருங்கள்.

மூலம் பாரசீகம். 'ஷாஹ்' என்றால் அரசன். நம் காதுக்குப் பழகிய 'சத்திரியன்' என்ற வடசொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்றே. எதிரியின் அரசனைத் தாக்கும்போது "ஷாஹ்!" என்று குரல் கொடுப்பார்கள், 'உன் ராஜாவைப் பார்த்துக்கொள்' என்ற எச்சரிக்கை அது. அந்தக் குரல் அரபு வழியாக லத்தீனில் 'ஸ்காக்குஸ்' ஆகி, பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' ஆகி, ஆங்கிலத்தில் 'செக்' ஆனது. பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான் 'செஸ்'. 'செக்மேட்'டில் உள்ள 'மேட்' நண்பன் அல்ல. பாரசீக 'மாத்', அதாவது வழியற்று நிற்பவன். அரபு வழியே 'செத்தான்' என்றும் பொருள் சொல்வார்கள். ஆட்டத்தில் ராஜாவை வெட்டுவதே இல்லை என்பதால் முதல் பொருளே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

செக் வைத்தால் எதிராளி நினைத்த காயை நகர்த்த முடியாது. அதனால் 'தடுத்து நிறுத்துதல்' என்ற பொருள் வந்தது. தடுப்பதிலிருந்து கட்டுப்படுத்துவது, அதிலிருந்து சரிபார்ப்பது.

கட்டம் வந்தது பலகையிலிருந்து. இங்கிலாந்து அரசின் கருவூலத்துக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர். சதுரங்கப் பலகை என்பதே அதன் பொருள். 12-ஆம் நூற்றாண்டில் அங்கே பொருளாளராக இருந்த ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் அந்த மேசையை அளந்தே எழுதி வைத்திருக்கிறார். நீளம் சுமார் 10 அடி, அகலம் 5 அடி. காசு உருண்டு விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயர விளிம்பு. மேலே கோடுகள் இட்ட கறுப்புத் துணி. கோடுகளுக்கு நடுவே வலமிருந்து இடமாகப் பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று பத்தாயிரம் வரை வரிசைகள். 325 பவுண்டு 7 ஷில்லிங் 4 பென்னி என்றால் எண்ணுவதற்கு வைக்கும் வில்லைகள் வலக்கோடியில் 4, அடுத்து 7, பவுண்டில் 5, இருபதில் 1, நூறில் 3. மொத்தம் 20 வில்லைகளில் கணக்கு முடிந்தது! அன்று கணக்கு எழுதிய ரோமன் எண்ணில் பூஜ்யம் கிடையாது. வெற்று வரிசையே அந்த வேலையைச் செய்தது. வில்லை ஒரு வரிசை தள்ளி விழுந்தால் ஷில்லிங் பவுண்டாகிவிடும், இருபது மடங்கு பிழை. அதனால்தான் கணக்கர் எல்லோர் கண்ணிலும் படும்படி நடுவில் உட்கார்ந்தார்.

வங்கிச் செக் கடைசியாக வந்தது. 18-ஆம் நூற்றாண்டில், மோசடியைக் கண்டுபிடிக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிறகு கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே அது போய்ச் சேர்ந்தது. பிரிட்டனில் அதை 'cheque' என்று வேறு எழுத்துகளில் எழுதுவதற்கு 'எக்ஸ்செக்கர்' சாயலே காரணம். அமெரிக்கர்கள் இன்றும் ராஜாவுக்கு வைக்கும் செக்கைப் போலவே 'check' என்று எழுதுகிறார்கள்.