வயலில் நிற்கும் தண்ணீர் மழையைக் கூப்பிடுமா?

(காட்சி: ஆகஸ்ட் மாதம், நடுப்பகல். திருவாரூர் பக்கம் ஒரு குறுவை வயல். பயிர் பொதி கட்டியிருக்கிறது (கதிர் வெளிவரும் முன் நிலை), காலடியில் தண்ணீர்.)

மேட்டூர் திறந்து வயலெல்லாம் தண்ணீர் நின்றால் மழையும் தானாக வரும் என்று டெல்டாவில் நிறையப் பேர் நம்புகிறார்கள். ஆறு வறண்ட வருஷம் வானமும் ஏமாற்றிவிடும் என்பார்கள். டீக்கடையில் இதை மறுத்துப் பேசினால் வாக்குவாதம்தான். கேட்பவரிடம் நான் முதலில் எந்த மாதத்து மழை என்று கேட்பேன். ஆகஸ்டுக்கு ஒரு பதில், நவம்பருக்கு வேறு பதில்.

முதலில் இந்த வயல் ஒரு பகலில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நன்றாக வளர்ந்த நெல்வயலிலிருந்து, வெயில் நாளில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும். பயிர் மூடிய பிறகு அதில் பெரும்பகுதி இலைத்துளைகள் வழியாகத்தான் போகிறது. 5 மில்லிமீட்டர் என்றால் அற்பமாகத் தெரியும். ஒரு ஏக்கருக்கு, தஞ்சாவூர்க் கணக்கில் மூன்று மாவுக்கு, அது 20,000 லிட்டர்.

(திரையில்: 1 ஏக்கர் × 5 மி.மீ. = சுமார் 20,000 லிட்டர்)

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க சுமார் 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். 20,000 லிட்டருக்குப் பெருக்கிப் பார்த்தால் 13,000 யூனிட் மின்சாரத்துக்கு மேல் வருகிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவாகும் வீட்டில் அதை வைத்து நாலு வருஷத்துக்கு மேல் ஓட்டலாம். ஒரே ஏக்கர், ஒரே பகல்! வெயில் கொடுத்த அந்த வெப்பம் காற்றைச் சுட வைக்காமல் நீராவியோடு மேலே போய்விடுகிறது. வரப்பில் நிற்கும்போது முகத்தில் படும் குளிர்ச்சி அதனால்தான்.

(காட்சி: தஞ்சாவூருக்குத் தெற்கே கந்தர்வகோட்டைப் பக்கம். செம்மண் மேடு, முந்திரிக்காடு, தரையில் வெடிப்பு.)

இங்கே அதே வெயில்தான். ஆவியாக்க மண்ணில் தண்ணீர் குறைவு. அதனால் வெப்பத்தில் பெரும்பகுதி தரையைச் சுட்டு, தரையை ஒட்டிய காற்றைச் சுட்டு, அதை மேலே கிளப்பிவிடுகிறது.

மழை மேகம் கட்ட இரண்டு வேண்டும்: நீராவி ஒன்று, அதைத் தூக்கிக்கொண்டு போகும் காற்று இன்னொன்று. ஈர வயலில் நீராவி தாராளம், தூக்கும் வேகம் கம்மி. செம்மண் மேட்டில் தூக்கும் வேகம் உண்டு, நீராவி கம்மி. ஆக, தண்ணீர் நிற்கும் வயலுக்கு நேர் மேலேதான் மழை கொட்டும் என்று எதிர்பார்க்க இயற்பியலில் காரணம் இல்லை.

2012-இல் கிறிஸ் டெய்லர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியும் குழுவினரும் ஆறு கண்டங்களின் செயற்கைக்கோள் தரவுகளை அலசினார்கள். பிற்பகல் மழை எங்கே அதிகம் விழுகிறது என்பது கேள்வி. அக்கம்பக்கத்தைவிடக் காய்ந்திருந்த நிலத்தின் மீதுதான் அதிகம் விழுந்திருந்தது. ஈர நிலமும் காய்ந்த நிலமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், குளிர்ந்த ஈரப் பகுதியிலிருந்து சூடான பகுதிக்குக் காற்று நகர்கிறது. அங்கே கிளம்பும் சூடான காற்றோடு சேர்ந்து மேலே ஏறுகிறது.

டெல்டாவில் கூடவே இன்னொரு ஆளும் இருக்கிறார்: கடல்.

(காட்சி: காரைக்கால் ரேடார் படம், ஆகஸ்ட், மாலை 4 மணி.)

ஜூன் முதல் செப்டம்பர் வரை நமக்கு மேலக்காற்று. பகலில் நிலம் சூடேறியதும், கடலிலிருந்து ஈரக்காற்று எதிர்த் திசையில் உள்ளே வரப் பார்க்கும். மேலக்காற்று பலமாக இருக்கும் நாளில் அது கரையோடு நின்றுவிடும். தளர்ந்த நாளில் மாலைக்குள் பல கிலோமீட்டர் உள்ளே வரும். ரேடாரில் சில நாட்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: கரைக்கு இணையாக, நூல் பிடித்த மாதிரி ஒரு மங்கலான கோடு. அது மழை இல்லை. இரண்டு காற்றும் முட்டும் இடத்தில் சேர்ந்த பூச்சிகளும் தூசியும் ரேடாருக்கு அப்படித் தெரிகின்றன. அரை மணிக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். கோடு மேற்கே நகரும். அதன் மேல் அங்கங்கே மஞ்சள், சிவப்புப் புள்ளிகள் முளைத்தால் ஏதோ ஓர் ஊரில் இடியோடு மழை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

வானிலை ஆய்வு மையம் சொல்லும் ‘வெப்பச்சலன மழை’ இந்த வகைதான். மன்னார்குடியில் கொட்டும், நீடாமங்கலத்தில் தூறல்கூட இருக்காது. இந்த மழையில்தான் நிலத்தின் சொல் செல்லும். எந்தத் திட்டு ஈரம், எந்தத் திட்டு காய்ச்சல் என்பதெல்லாம் இங்கே கணக்கில் வரும்.

சரி, வயல் விட்ட அந்த 20,000 லிட்டர் என்ன ஆனது? மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மேலக்காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தஞ்சாவூரில் கிளம்பிய ஆவி நாலைந்து மணி நேரத்தில் நாகப்பட்டினத்தைத் தாண்டிக் கடலுக்கு மேல் போய்விடும். நம் ஆவி நமக்கே மழையாகத் திரும்ப டெல்டா ரொம்பச் சின்ன இடம். கங்கைச் சமவெளி மாதிரி பரந்த நிலத்தில் அது கணிசமாக நடக்கிறது.

அதனால் ‘காய்ச்சலும் பாய்ச்சலுமாக’, அதாவது எப்போதும் தண்ணீரை நிறுத்தாமல் வயலைக் காயவிட்டுக் காயவிட்டு, நீர் கட்டினால் மழை குறைந்துவிடுமோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். என்னிடம் நிஜமாகவே கேட்டிருக்கிறார்கள்! தண்ணீர் மண்ணுக்குக் கீழே இறங்கியிருந்தாலும் பயிரின் வேர் உறிஞ்சி ஆவியாக விட்டுக்கொண்டுதான் இருக்கும்.

நாம் கவலைப்பட வேண்டிய நிலம் காற்று வரும் திசையில் இருக்கிறது.

(காட்சி: மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு, மேலிருந்து.)

ஐ.ஐ.டி. பம்பாய் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, தமிழ்நாட்டில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் 25 முதல் 40 சதவீதம் வரை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் மூச்சாக விட்டது. காடு தன் மேல் பெய்த மழையை வேரில் பிடித்து வைத்து, கிழக்கே போகும் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி அனுப்புகிறது. குடகில் பெய்வது ஆற்று வழியாக மேட்டூருக்கு வருவது எல்லாருக்கும் தெரியும். ஆகாய வழியாகவும் ஒரு பங்கு வருகிறது, அதற்கு நடுவர் மன்றமும் கிடையாது, டி.எம்.சி. கணக்கும் கிடையாது.

(காட்சி: நவம்பர். சீர்காழி. சம்பா வயல் முழுக்க வெள்ளம்.)

இப்போது காற்று திரும்பிவிட்டது. வாடை அடிக்கிறது, ஈரம் வங்காள விரிகுடாவிலிருந்து வருகிறது. 2022 நவம்பர் 11-ஆம் தேதி சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை பதிவானது. நாளுக்கு 5 மில்லிமீட்டர் வீதம் ஒரு வயல் 88 நாள் வெயிலில் விடும் ஆவி அது. கிட்டத்தட்ட குறுவை ஒரு போகம். மேகம் மூடிய நவம்பரில் வயல் அந்த 5 மில்லிமீட்டரைக்கூடத் தராது. காற்றழுத்தத் தாழ்வு ஒன்று கடலிலிருந்து அள்ளிக்கொண்டு வரும்போது, நம் வாய்க்காலில் தண்ணீர் ஓடியதா ஓடவில்லையா என்று அது பார்ப்பதில்லை. ஆறு வறண்ட வருஷத்திலும் ஐப்பசியில் அடைமழை பெய்யலாம். மேட்டூரை நிரப்புவது தென்மேற்கு, டெல்டாவுக்குப் பெருமழை தருவது வடகிழக்கு.

நிலத்துக்கு இப்போது சின்னப் பங்குதான். இரவில் தரை குளிர்ந்து, நிலத்துக் காற்று மெல்லக் கடலை நோக்கி நகரும். எதிரே வரும் வாடையோடு கரையோரத்தில் முட்டும். கடற்கரை ஊர்களில் பல நாள் மழை விடியற்காலையில் பிடித்துக்கொள்வதில் அதற்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அவ்வளவே.

(காட்சி: தை மாதம், காலை 7 மணி. முற்றிய சம்பா. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.)

அப்புறம் தை. மழை விலகி வானம் தெளிந்திருக்கும். மண்ணில் இன்னும் ஈரம் இருக்கும். மேகம் இல்லாத நீண்ட இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிரும். தரையை ஒட்டிய காற்றும் குளிரும், அதிலிருக்கும் நீராவி பனித்துளியாக இலையிலும் கதிரிலும் படியும். காற்று அசையாத நாளில் மூடுபனி. இந்த ஈரத்தில் நம் வயலுக்கும் நேரடிப் பங்கு உண்டு. பகலில் விட்ட ஆவி காற்றில்லாத இரவில் அதிகத் தூரம் போவதில்லை.

விவசாயிக்கு இதனால் லாபம் இல்லை. இலை நெடுநேரம் நனைந்திருந்தால் பின்தங்கிய பயிரில் குலைநோய் என்ற பூஞ்சை நோய் தலைகாட்டும். முற்றிய நெல்லாக இருந்தால் பிரச்சினை கொள்முதல் நிலையத்தில். அங்கே ஈரப்பத வரம்பு 17 சதவீதம். பனி காயாமல் அறுத்த நெல்லைக் கொண்டுபோனால், களத்தில் கொட்டிக் காயவைக்கச் சொல்லித் திருப்பிவிடுவார்கள். அறுவடை இயந்திரம் விடிந்ததுமே வயலோரம் வந்து நின்றாலும், ஓட்டுநர் கதிரை உள்ளங்கையில் உருவிப் பார்த்துவிட்டு வெயில் ஏறட்டும் என்று காத்திருப்பார். மணிக்கணக்கில் வாடகை என்றாலும் அந்த நேரத்துக்கு அவர் கூலி கேட்பதில்லை.