மைனஸ் 6-க்கு மேல பவரா? ரெட்டினாவைப் பார்த்தாச்சா?

(திரையில்: இரண்டு கண்களின் குறுக்குவெட்டு. ஒன்று உருண்டை, இன்னொன்று பின்பக்கம் நீண்டது)

கண்ணாடிச் சீட்டுல மைனஸ் 6-ம் அதுக்கு மேலயும் இருந்தா ஹை மயோபியா, அதாவது தூரத்துல இருக்கிறது மங்குற கோளாறு அதிகமா இருக்கிறது. சாதாரணமா கண்ணு முன்னிருந்து பின்னுக்கு சுமார் 24 மில்லிமீட்டர் நீளம். இவங்களுக்குப் பெரும்பாலும் 26-ஐத் தாண்டிடும். கண்ணு நீள நீள, உள்ள பின்பக்கம் இருக்கிற ரெட்டினா, அதாவது விழித்திரை, இழுபட்டு மெலிஞ்சிடும். லேசிக் பண்ணி கண்ணாடியைக் கழட்டினாலும் இது மாறாது. லேசிக் கண்ணோட முன்பக்கப் படலமான கார்னியாவோட வளைவைத்தான் சரி பண்ணுது, நீளத்தை இல்ல.

(திரையில்: ரெட்டினாவின் ஓரம், நெருக்கத்தில்)

ஓரத்துல மெலிஞ்சு, வெள்ளைக் கோடுகள் பின்னினாப்ல தெரியுற இந்தப் பட்டைக்கு லாட்டிஸ்னு பேர். இருந்தாலே லேசர்னு பயப்பட வேண்டாம். நிறைய பேருக்கு வருஷா வருஷம் பார்த்துக்கிட்டா போதும். வில்லங்கம் கண்ணுக்குள்ள நிறைஞ்சிருக்கிற விட்ரியஸ் ஜெல்லால வருது. வயசாக அது நீர்த்து, சுருங்கி, ரெட்டினாவை விட்டுப் பிரியும். ஹை மயோபியால இது சீக்கிரமே நடக்கும். லாட்டிஸ் ஓரத்துல ஜெல் இறுக்கமா ஒட்டியிருக்கிறதால, பிரியும்போது ரெட்டினாவையும் சேர்த்துக் கிழிச்சிடலாம். கிழிசல் வழியா நீர் இறங்கினா, ஈரச் சுவர்ல பெயிண்ட் உரியுற மாதிரி ரெட்டினா உரிஞ்சு வரும்.

ஓரத்துல மின்னல் வெட்டுற மாதிரி வெளிச்சம், திடீர்னு கொத்தா கரும்புள்ளிகள், ஒரு பக்கம் திரை இறங்கின மாதிரி இருட்டு: இதுல எது புதுசா வந்தாலும் அன்னைக்கே ரெட்டினா டாக்டர்கிட்ட போங்க. வலி இருக்காது, கண்ணு சிவக்காது; அதனாலதான் நிறைய பேர் தள்ளிப் போட்டுடுறாங்க. வெறும் கிழிசலா இருந்தா, சுத்தி ரெண்டு மூணு வரிசை லேசர் வெச்சு அடைப்பாங்க. அந்தத் தழும்பு இறுக சுமார் 2 வாரம் ஆகும். உரிஞ்சிட்டா ஆபரேஷன்தான். நடுப்பகுதியான மாக்குலாவும் உரிஞ்ச பிறகு போனா, ரெட்டினாவை ஒட்ட வெச்சாலும் பழைய பார்வை முழுசா வராம போகலாம்.

(திரையில்: ஜன்னல் கம்பி, நடுவில் நெளிகிறது)

மாக்குலாவுக்குக் கீழ புது ரத்தக்குழாய் முளைச்சுக் கசியுறதும் உண்டு. கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒரு கண்ணை மூடி ஜன்னல் கம்பியைப் பாருங்க. அப்புறம் அடுத்த கண். கம்பி நெளிஞ்சு தெரிஞ்சா காத்திருக்காதீங்க. இதுக்குக் கண்ணுக்குள்ள போடுற ஊசி இருக்கு, சீக்கிரம் போட்டா நல்ல பலன்.

கண்ணாடிக் கடை கம்ப்யூட்டர் டெஸ்ட் பவரை மட்டும்தான் சொல்லும். ரெட்டினா ஓரம் தெரியணும்னா, சொட்டு மருந்து விட்டு கண் பாப்பா விரிய அரை மணி நேரம் உட்காரணும். அதுக்கப்புறம் சில மணி நேரம் கிட்ட இருக்கிறது மங்கலா தெரியும், வெளிச்சம் கூசும். அன்னைக்கு வண்டியை நீங்க ஓட்டாதீங்க.