ஆறு வாரம் நான் கத்தினேன், அம்மாயி ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டார்

வணக்கமுங்க. மைக் கிளிப் உடைந்துவிட்டது, அதனால் பின்னால் களத்தில் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்கும். தேங்காய்க் களங்கள் நிறைந்த காங்கயத்தில் இருந்துகொண்டு அதற்கெல்லாம் கோபப்பட முடியாது.

போன வீடியோ முழுக்க, என் சாரணர் பையன்கள் முடிச்சுப் போட்டுப் பழகக் கயிறு வாங்கிய கதை சொல்லிப் புலம்பினேன் இல்லையா? அது இன்னும் ஆறவில்லை. 24 பையன்கள், ஆளுக்கு 3 மீட்டர், மீட்டர் 16 ரூபாய். 1,152 ரூபாய். கொஞ்சமாவது குறையுங்கள் என்றேன், கடைக்காரர் குறைக்கவில்லை. “பசங்க சேவைக்குத்தானுங்க” என்றால், “நானும் சேவைக்குத்தானுங்க கடை வச்சிருக்கறேன்” என்கிறார். நைலான் மலிவு, ஆனால் எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. பழகுகிற கைக்கு வழுக்கும். பருத்திக் கயிறு நன்றாகப் பிடிக்கும், ஆனால் வெட்டிய முனை பிரிந்துகொண்டே வரும். நூல் சுற்றிக் கட்ட வேண்டும். 48 முனை! ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று. விசில் ஊதிக்கொண்டு கம்பீரமாக நிற்கலாம் என்றுதான் நான் சாரணர் ஆசிரியராகச் சேர்ந்தேன். சம்பளமும் கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஒரு பையனின் அப்பா போன் செய்தார். அந்த நேரத்தில் ஒரு பெற்றோரின் பெயர் திரையில் வந்தால் எனக்கு வயிறு கலங்கும். ஏன் என்று சொல்ல மறந்துவிட்டேனே. போன மாதம் சென்னிமலைக்குக் கூட்டிப்போனோம், 1,320 படி. பாதி வழியில் எண்ணினால் 23 பேர். திரும்ப எண்ணினேன், 23தான். ஓர் அணித்தலைவன் சொன்ன பிறகுதான் தெரிந்தது, ஒருத்தன் கீழே உட்கார்ந்து ஷூவில் புகுந்த கல்லை எடுத்துக்கொண்டிருந்தான். நான்கு நிமிடம் இருக்கும். எனக்கு நான்கு வயது கூடிவிட்டது. 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதல் முகாம் நடத்தியபோதே, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பையன்களைச் சிறு சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவனை வைத்தார். ஏன் என்று அந்தப் படியில்தான் எனக்குப் புரிந்தது. இப்போது ஒவ்வோர் அணித்தலைவனும் தன் ஆட்களை எண்ணிச் சொல்வான், அப்புறம் நானும் எண்ணுவேன். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் யாரும் வண்டி ஏற முடியாது. எந்தப் பையனோடும் நான் தனியாக இருப்பதில்லை, கூட இன்னொரு பெரியவர் இருந்தாக வேண்டும்.

போனுக்கு வருகிறேன். திடீர் மழை. அவர்கள் களத்தில் காயப்போட்ட தேங்காய்ப் பருப்பு நனைந்தால் பூஞ்சை பிடித்து விலை போய்விடும். தார்ப்பாயை இழுத்துக் கட்டப் போனால் நைலான் கயிறு கம்பம் வரை எட்டவில்லை. பக்கத்தில் கிடந்தது தடித்த தேங்காய்நார்க் கயிறு. பையன் இரண்டையும் இணைத்து முடிச்சுப் போட்டுவிட்டான். “விடியற வரைக்கும் தாங்குமுங்களா?” என்று கேட்கத்தான் போன்.

அவன் போட்டது ஷீட் பெண்ட் என்கிற முடிச்சு! தடிப்பும் மெலிவுமான கயிறுகளை இணைக்க அதுதான். ஒரே தடிப்புள்ள முனைகளைக் கட்டுகிற ரீஃப் முடிச்சைப் போட்டால் நழுவிவிடும். தடித்த கயிற்றை மடக்கி, மெல்லியதை உள்ளேவிட்டு, பின்னால் சுற்றித் தன் அடியிலேயே செருக வேண்டும். ஆறு வாரம் கத்தினேன், இவன் ஒரு தடவைகூடச் சரியாகப் போட்டதில்லை. அதிலும் வழுக்கும் நைலானுக்கு ஒரு சுற்று கூடுதலாகப் போட்டிருக்கிறான். அன்றைக்கு நான் தூங்கவே இல்லை, அவ்வளவு பெருமை. பெயர் கேட்காதீர்கள், வீட்டில் அனுமதி வாங்காமல் எந்தப் பையன் முகத்தையும் இங்கே காட்ட மாட்டேன்.

சனிக்கிழமை எல்லார் முன்னாலும் பாராட்டி, “எப்படிக் கண்ணு வந்துச்சு?” என்றேன். “அம்மாயி சொல்லிக்குடுத்துச்சுங்க சார்.”

அம்மாயி, அதாவது அவன் அம்மாவின் அம்மா, சென்னிமலையில் தறி நெய்கிறவர். இழை அறுந்தால் நெசவாளர் போடும் முடிச்சும் ஷீட் பெண்டும் அமைப்பில் ஒன்றேதான்! ஆறு வாரமாக இதை நான் யோசிக்கவே இல்லை பாருங்கள்.

நேற்றுப் போய், பையன்களுக்கு ஒரு நாள் வந்து சொல்லித்தர முடியுமா என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார். என் கயிற்றைத் தடவிப் பார்த்து விலை கேட்டார், சொன்னேன். ஆ, 1,152 இல்லை, வெட்டில் வீணாகும் என்று 75 மீட்டராக வாங்கினேன், 1,200.

“ஏங்கண்ணு, எங்கூட்டுல மிச்சப் பாவு நூலு மூட்டையாக் கெடக்குது. நாலு இழை சேத்து முறுக்குனாக் கயிறு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லோ?”

அந்தக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுவிட்டு வருகிறேன்.